கொமொரோஸ் கிராம்பும் குமரிக் கிராம்பும்: ஏற்றுமதி விலை, இறக்குமதி விலை என்றால் என்ன?

கிராம்பு பறிப்பு தொடங்கியதும் குமரி மாவட்டத்தின் மலையோர ஊர்களில் ஒரு வாதமும் தொடங்கிவிடுகிறது. தடிக்காரன்கோணத்திலோ கீரிப்பாறையிலோ நான்கு பேர் கூடும் இடத்தில் ஒருவர் கைப்பேசியில் ஓர் அட்டவணையைக் காட்டுவார். கொமொரோஸ் என்ற தீவு நாடு கிராம்பைக் கிலோ ஆறு டாலருக்கு ஏற்றுமதி செய்கிறது என்று அதில் இருக்கும். "அப்படியானால் ஐந்நூறு ரூபாய்ச் சரக்குத்தானே? நம் கிராம்பை அதற்கு மேல் யார் வாங்குவார்கள்?" என்று ஒருவர் கவலைப்படுவார். "இந்தியா இறக்குமதி செய்யும் விலை எட்டு டாலர் என்று இங்கே போட்டிருக்கிறதே, நடுவில் இரண்டு டாலரை யாரோ விழுங்குகிறார்கள்" என்று இன்னொருவர் கோபப்படுவார். அந்த இரண்டு டாலரை உள்ளூர் வியாபாரியின் தலையில் கட்டிவிட்டு எல்லாரும் கலைந்து போவார்கள்.

அட்டவணையில் உள்ள எண்களில் தவறில்லை. அவை எந்த இடத்தில், எதைக் கொண்டு, யாரால் கணக்கிடப்பட்டவை என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஆண்டு முழுவதும் காத்திருந்து எடுத்த விளைச்சலை இன்று விற்பதா, இரண்டு மாதம் வைத்திருப்பதா என்ற முடிவை இந்த எண்களை நம்பிப் பலர் எடுக்கிறார்கள். அதனால்தான் இதை முதலிலிருந்து சொல்லத் தோன்றியது. பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. வகுத்தல் கணக்கு தெரிந்தால் போதும்.

நம் மாவட்டத்தின் அளவே உள்ள ஒரு நாடு

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மடகாஸ்கருக்கும் இடையில், கடலில் கிடக்கிறது கொமொரோஸ். மூன்று தீவுகள்; 1975-இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற நாடு. பரப்பளவு ஏறத்தாழ 1,860 சதுர கிலோமீட்டர். குமரி மாவட்டம் 1,700 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பரப்பில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர்; அங்கே அதில் பாதிகூட இல்லை. கிராம்பு, வனிலா, வாசனைத் தைலம் எடுக்கப்படும் இலாங்-இலாங் பூ ஆகிய மூன்றும்தான் அந்த நாட்டின் முக்கிய ஏற்றுமதிகள். தான் உண்ணும் அரிசியில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு அது. கிராம்பு விற்ற காசில்தான் அரிசிக் கப்பல் வர வேண்டும்.

நம் பக்கம் கிராம்பு வந்தது பழைய கதை. கிழக்கிந்தியக் கம்பெனி 1800 வாக்கில் குற்றாலத்தில் நடத்திய நறுமணப் பயிர்த் தோட்டத்தில்தான் இந்தியாவில் கிராம்பு முதலில் ஊன்றியது. பிறகு அது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனைக்கு இறங்கி, மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைப் பகுதிகளில் நிலைத்தது. இரண்டு பருவமழையும் கடற்காற்றும் ஒருசேரக் கிடைக்கும் இந்த மலைகளில் விளையும் மொட்டுகளில் எண்ணெய்ச் சத்து அதிகம். கன்னியாகுமரிக் கிராம்பு புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இந்தியாவில் விளையும் கிராம்பில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தினுடையது. ஆனாலும் நாட்டின் மொத்த விளைச்சல் ஆயிரத்துச் சொச்சம் டன்தான். நாட்டின் தேவையோ அதைப்போலப் பல மடங்கு. மீதியெல்லாம் மடகாஸ்கர், இந்தோனேசியா, தான்சானியா, இலங்கை, கொமொரோஸ் ஆகிய நாடுகளிலிருந்து வருகிறது. கொமொரோஸின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று இந்தியா. அங்கே என்ன விலை என்று கீரிப்பாறையில் பேசுவதற்கு முழு நியாயம் இருக்கிறது.

குளச்சல் கரையில் ஒரு விலை, மார்த்தாண்டத்தில் ஒரு விலை

குளச்சலில் வள்ளம் கரை சேர்ந்ததும் மீன் ஏலம் போகிறது. அதே மீன் பெட்டியில் ஐஸ் போட்டு, வண்டியேறி, மார்த்தாண்டம் சந்தைக்கு வருகிறது. கரையில் கேட்ட விலையும் சந்தையில் கேட்கும் விலையும் ஒன்றாக இருக்கும் என்று குமரி மாவட்டத்தில் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஐஸ், பெட்டி, வண்டிக் கூலி, வழியில் கெட்டுப்போகும் மீனுக்கான இழப்பு எல்லாம் நடுவில் ஏறுகின்றன. இரண்டு விலைகளும் உண்மை. அளந்த இடம்தான் வேறு.

இன்னொன்றும் கரையில் நடக்கிறது. இன்று ஒரு வள்ளத்தில் மொத்தம் நூறு கிலோ மீன். அத்தனையும் விற்றதில் இவ்வளவு ரூபாய் கிடைத்தது. ஒருவர் இரண்டையும் வகுத்து, "இன்று மீன் கிலோ இத்தனை ரூபாய்" என்று எழுதி வைக்கிறார். நேற்று கிடைத்த மீனில் பாதி, விலை கூடிய நெய்மீன். இன்று முக்கால் பங்கு, விலை குறைந்த சாளை. எழுதி வைத்த எண் படுத்துவிடும். நெய்மீனும் மலியவில்லை, சாளையும் மலியவில்லை.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் ஏற்றுமதி, இறக்குமதி விலைகளில் உள்ள குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஒன்று, விலை எங்கே அளக்கப்பட்டது. மற்றொன்று, எதையெல்லாம் கூட்டி வகுத்தார்கள்.

கப்பலேற்று விலையும் கரைசேர் விலையும்

ஒரு நாடு தன் ஏற்றுமதியைப் பதிவு செய்யும்போது, சரக்கு தன் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றப்படும் வரையிலான மதிப்பை எழுதுகிறது. இதற்குக் கப்பலேற்று விலை என்று பெயர், வணிகர்கள் எஃப்.ஓ.பி. என்பார்கள். விவசாயிக்குக் கொடுத்த விலை, சாக்கு, உள்ளூர் லாரி, துறைமுகக் கூலி, ஏற்றுமதியாளரின் லாபம் எல்லாம் இதற்குள் அடங்கும். கடலில் ஆகும் செலவு இதில் இல்லை.

இறக்குமதி செய்யும் நாடு எழுதுவது வேறு. கப்பலேற்று விலையோடு கப்பல் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்து, சரக்கு தன் துறைமுகத்துக்கு வந்து நிற்கும் வரையிலான மதிப்பை எழுதுகிறது. இது கரைசேர் விலை, சி.ஐ.எஃப். என்று ரசீதுகளில் இருக்கும். பெரும்பாலான நாடுகளின் இறக்குமதிப் புள்ளிவிவரம் இந்த அளவில்தான் இருக்கிறது. இறக்குமதி வரி இதில் சேராது. வரி இதன்மேல் போடப்படுவது.

எனவே கொமொரோஸ் எழுதும் ஏற்றுமதி விலையைவிட இந்தியா எழுதும் இறக்குமதி விலை கூடுதலாக இருப்பது இயல்பு. கொமொரோஸிலிருந்து இந்தியாவுக்கு நேரடியாகப் பெரிய கப்பல்கள் அடிக்கடி வருவதில்லை. கொள்கலன் பெரும்பாலும் வேறொரு துறைமுகத்தில் கப்பல் மாறித்தான் வரும். சிறிய துறைமுகம், குறைந்த சரக்கு, கப்பல் மாற்றம் என்ற மூன்றும் சேர்ந்து கூலியை ஏற்றும்.

கப்பல் கூலி எவ்வளவு என்பதற்கு ரசீது இல்லாவிட்டால் சுங்கத் துறை என்ன செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவின் 2007-ஆம் ஆண்டுச் சுங்க மதிப்பீட்டு விதிகளின்படி, கூலி தெரியாதபோது கப்பலேற்று விலையில் 20 சதவீதத்தையும், காப்பீடு தெரியாதபோது 1.125 சதவீதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏழு டாலர் சரக்கு இந்த விதியால் ஏறத்தாழ 8.48 டாலர் ஆகிவிடும். அந்த ஒன்றரை டாலரை யாரும் விழுங்கியிருக்க வேண்டியதில்லை. அதில் ஒரு பகுதி கடலில் உண்மையாகச் செலவானது, ஒரு பகுதி விதிப்படி சேர்க்கப்பட்டதாக இருக்கலாம்.

இதுவரை பார்த்தது: ஏற்றுமதி விலை புறப்படும் துறைமுகத்தில் அளக்கப்படுகிறது, இறக்குமதி விலை வந்து சேரும் துறைமுகத்தில் அளக்கப்படுகிறது. இரண்டும் விவசாயியின் களத்து விலையும் இல்லை, கடைவீதி விலையும் இல்லை.

அட்டவணையில் உள்ள 'விலை' எப்படிப் பிறக்கிறது

சுங்கத் துறையின் புள்ளிவிவரத்தில் எந்தப் பொருளுக்கும் விலை என்று ஒரு பத்தி இருப்பதில்லை. அதில் இருப்பவை இரண்டு பத்திகள்: மொத்த எடை, மொத்த மதிப்பு. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு நாடுவாரியாக வெளியிடுவதும் இந்த இரண்டையும்தான். யாரோ ஒருவர் மதிப்பை எடையால் வகுத்து, வரும் விடைக்கு விலை என்று பெயரிடுகிறார். இப்படிப் பெறப்படும் சராசரிக்கு அலகு மதிப்பு என்பது முறையான பெயர். அந்தத் தொகைக்கு ஒரு கிலோகூட யாரும் விற்காமல் இருந்திருக்கலாம்.

ஏறக்குறைய எல்லா நாடுகளும் பொருள்களை ஒரே எண்வரிசையில் வகைப்படுத்துகின்றன. அதற்குச் சுங்கக் குறியீடு என்று பெயர். கிராம்புக்கு 0907. இந்த நான்கு இலக்கத்துக்குள் முழு மொட்டும் இருக்கிறது, காம்பும் இருக்கிறது, காயும் இருக்கிறது, பொடியும் இருக்கிறது, எண்ணெய் எடுத்து முடிந்த சக்கைக் கிராம்பும் இருக்கிறது. கிராம்பு பறித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: மொட்டின் விலை எங்கே, காம்பின் விலை எங்கே! காம்பு பெரும்பாலும் எண்ணெய் வடிப்பவர்களுக்குப் போவது. ஆனால் அட்டவணையின் கண்ணுக்கு எல்லாம் கிராம்புதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு நாடு முதல் ஆண்டில் 900 டன் முழுக் கிராம்பைக் கிலோ 7 டாலருக்கும், 100 டன் காம்பைக் கிலோ 1 டாலருக்கும் விற்கிறது. மொத்த மதிப்பு 64 லட்சம் டாலர். ஆயிரம் டன்னுக்கு வகுத்தால் கிலோ 6.40 டாலர். அடுத்த ஆண்டு மொட்டு குறைந்து 700 டன் ஆகிறது, காம்பு 300 டன். விலையில் ஒரு காசு மாற்றமில்லை: மொட்டு அதே 7, காம்பு அதே 1. மொத்தம் 52 லட்சம் டாலர், வகுத்தால் 5.20. அட்டவணையைப் பார்ப்பவர் "கிராம்பு விலை 19 சதவீதம் சரிந்துவிட்டது" என்பார். சரியவே இல்லை.

இதைக் கேட்டதும் சிலர், அப்படியானால் புள்ளிவிவரமே வீண் என்கிறார்கள். அந்த முடிவுக்கும் போக வேண்டியதில்லை. இந்திய அரசின் கணக்கில் சுங்கக் குறியீடு எட்டு இலக்கம் வரை பிரிகிறது. காம்புக்குத் தனி எண், சக்கைக் கிராம்புக்குத் தனி எண் என்று இருக்கின்றன. அந்த ஆழத்தில் இறங்கிப் பார்த்தால் சராசரி ஓரளவு நம்பத்தக்கதாகிறது. நான்கு இலக்கத்தோடு நின்றுவிடும் அட்டவணையை வைத்துத் தோட்டத்தில் முடிவெடுப்பதுதான் ஆபத்து.

சிறிய நாட்டின் எண்கள் ஏன் துள்ளுகின்றன

அமெரிக்காவுக்கோ சீனாவுக்கோ ஓராண்டில் ஒரு பொருளில் ஆயிரக்கணக்கான சரக்குகள் போய் வரும். ஒன்றிரண்டு தவறாகப் பதிவானாலும் சராசரி அசையாது. கொமொரோஸ் போன்ற நாட்டில் நிலைமை வேறு. சில ஏற்றுமதியாளர்கள், ஆண்டுக்குச் சில நூறு கொள்கலன்களுக்குள் அடங்கும் வணிகம். ஒரு பெரிய சரக்கின் எடையைத் தட்டச்சு செய்தவர் ஒரு பூஜ்யத்தைக் கூட்டிவிட்டால் அந்த ஆண்டின் நாட்டு 'விலை' படுத்துவிடும்.

இறக்குமதிப் பத்தியில் இந்தத் துள்ளல் இன்னும் மோசம். கிராம்பு விளையும் நாடு கிராம்பை எதற்கு இறக்குமதி செய்யும்? ஏறக்குறைய எதற்கும் இல்லை. ஆனால் ஏதோ ஓர் உணவு விடுதிக்கோ பல்பொருள் அங்காடிக்கோ ஐரோப்பாவிலிருந்து கண்ணாடிக் குப்பிகளில் கிராம்புப் பொடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோ, மதிப்பு 3,000 டாலர். வகுத்தால் கிலோ 15 டாலர். அதே ஆண்டு அந்த நாடு இரண்டாயிரம் டன் முழுக் கிராம்பைக் கிலோ 7 டாலருக்கு ஏற்றுமதி செய்திருக்கும். இரண்டு எண்களும் அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஏழுக்கு விற்றுப் பதினைந்துக்கு வாங்கும் ஏமாளி நாடு என்று பேசுவதற்கு அவ்வளவு போதும். குப்பியில் அடைத்த பொடியையும் சாக்கில் கட்டிய மொட்டையும் ஒப்பிட்டிருக்கிறோம் என்பது பேசுபவருக்குத் தெரியாது.

இந்த ஒரே தவறான ஒப்பீட்டைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பார்க்கிறேன். விலைப் பத்தியைப் பார்க்கும் முன் எடைப் பத்தியைப் பார்த்துவிட்டால் இது நடக்காது. எடை சில நூறு கிலோ என்றால் பக்கத்தில் உள்ள விலையைப் படிக்காமலே தாண்டிப் போய்விடலாம்.

கிராம்பு மரத்தின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. ஓர் ஆண்டு கொட்டிக் காய்த்தால் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் இளைப்பாறும் மரம் அது. பெரிய நாட்டில் ஒரு பகுதி இளைப்பாறும்போது மறுபகுதி காய்க்கும். மூன்று தீவுகளில் பல சமயம் எல்லா மரங்களும் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. எடை மூன்றில் ஒன்றாகக் குறையும் ஆண்டுகள் வரும்; அப்போது பழைய இருப்பு, காம்பு, தரம் குறைந்த சரக்கு எல்லாம் சராசரியை இழுக்கும்.

ஒரே சரக்கு, இரண்டு நாட்டுக் கணக்கு

கொமொரோஸ் 'இந்தியாவுக்கு அனுப்பினேன்' என்று எழுதியதையும், இந்தியா 'கொமொரோஸிலிருந்து பெற்றேன்' என்று எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு எதிர்க்கணக்கு ஒப்பீடு என்று சொல்லலாம். சிறிய நாடுகளின் கணக்குகள் தாமதமாகவும் விடுபட்டும் வருவதால், ஆய்வாளர்கள் வாங்கிய நாட்டின் கணக்கையே பெரிதும் நம்புகிறார்கள். ஆனால் இரண்டும் ஒருபோதும் அப்படியே பொருந்தாது.

டிசம்பரில் கப்பலேறிய மூட்டை ஜனவரியிலோ பிப்ரவரியிலோ கரை சேரும். அனுப்பிய நாட்டுக்கு அது சென்ற ஆண்டின் ஏற்றுமதி. வாங்கிய நாட்டுக்கு இந்த ஆண்டின் இறக்குமதி. போதாததற்கு இந்தியா பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் கணக்கை வெளியிடுகிறது, ஐ.நா. அமைப்புகள் ஜனவரி முதல் டிசம்பர் வரை. '2023' என்று ஓர் அட்டவணையிலும் '2023-24' என்று இன்னொன்றிலும் இருப்பவை ஒரே பன்னிரண்டு மாதங்கள் அல்ல.

இடைத்தங்கல் இன்னொரு காரணம். சிங்கப்பூரிலும் துபாயிலும் கிராம்புத் தோட்டம் கிடையாது. ஆனால் ஏற்றுமதிப் பட்டியலில் இரண்டு ஊர்களின் பெயர்களும் வரும். ஒரு நாட்டில் விளைந்த சரக்கை வாங்கி, வைத்திருந்து, வேறொரு நாட்டுக்கு விற்பதற்கு மறு ஏற்றுமதி என்று பெயர். கொமொரோஸ் மூட்டை துபாய் வணிகர் கைக்குப் போனால், கொமொரோஸின் ஏட்டில் அது துபாய்க்கு ஏற்றுமதி. நம் சுங்கத்தில் விளைந்த நாட்டின் பெயர் கேட்கப்படுவதால் அது கொமொரோஸ் சரக்காகவே பதிவாகலாம். நடுவில் துபாய் வணிகரின் லாபமும் கிடங்கு வாடகையும் ஏறியிருக்கும். இரண்டு ஏடுகளையும் ஒப்பிடுபவருக்கு எடையும் பொருந்தாது, விலையும் பொருந்தாது.

அதாவது, இரு நாட்டு எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் கூலி, காலம், இடைவழி வணிகர், வகைப்பாடு என்ற நான்கும் சேர்ந்தது. உண்மையிலேயே மதிப்பைக் குறைத்தோ கூட்டியோ காட்டும் முறைகேடுகளும் உலகில் நடக்கின்றன. ஆனால் இந்த நான்கையும் கழித்த பிறகுதான் அந்தச் சந்தேகத்துக்கு இடம்.

விலையை உண்மையில் யார் முடிவு செய்கிறார்

கொமொரோஸ் விவசாயி விலையைக் குறைத்ததால் நம் விலை இறங்கியது என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த விவசாயிக்கு அவ்வளவு வலிமை இல்லை. உலகிலேயே அதிகக் கிராம்பு விளைவது இந்தோனேசியாவில். விசித்திரம் என்னவென்றால், அதில் பெரும்பகுதி சமையலறைக்கே போவதில்லை. கிரெடெக் என்ற கிராம்புச் சிகரெட்டுக்குள் போய்ப் புகையாகிறது. அங்கே விளைச்சல் தவறினால், உலகின் மிகப் பெரிய உற்பத்தி நாடே வெளியிலிருந்து வாங்க வரும். விலை எங்கும் ஏறும். அங்கே மிகுந்தால் எங்கும் இறங்கும். அடுத்தபடி மடகாஸ்கரின் பருவம். இந்திய வணிகர்களின் கொள்முதல் வேகம்.

இப்படிப் பெரியவர்கள் அமைக்கும் விலையைத் தன் சரக்கின் அளவால் அசைக்க முடியாமல், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியிருப்பவரை விலை ஏற்பவர் என்கிறது பொருளாதாரம். கொமொரோஸ் ஒரு விலை ஏற்பவர். தனி நாடாக இல்லாவிட்டாலும் மாறாமலையும் அப்படித்தான். இரு பக்கத்து விவசாயிகளும் ஒரே திசையிலிருந்து வரும் அலையில் ஏறி இறங்குகிறார்கள். ஒருவர் மற்றவரை அழுத்துவதாக நினைப்பது பிழை. குமரிக் கிராம்புக்கு எண்ணெய்ச் சத்தாலும் புவிசார் குறியீட்டாலும் சற்றுக் கூடுதல் கிடைக்கலாம். அந்தக் கூடுதல்கூட உலக விலை என்ற தரையின்மேல்தான் நிற்கிறது.

டாலர், யூரோ, ரூபாய்

உலகக் கிராம்பு வணிகம் பெரிதும் டாலரில் பேசப்படுகிறது. கொமொரோஸின் பணம் கொமொரோ பிராங்க். அது யூரோவோடு நிலையாகக் கட்டப்பட்டது: ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 492 பிராங்க். யூரோ 1.20 டாலராக இருந்தபோது கிலோ 7 டாலர் என்பது கொமொரோஸ் பணத்தில் 2,870 பிராங்க். யூரோ 1.05 டாலராக இறங்கினால் அதே 7 டாலர் 3,280 பிராங்க். உலக விலை ஒரு சென்ட் நகரவில்லை; கொமொரோஸ் பணத்தில் 400 பிராங்க்குக்கு மேல் கூடிவிட்டது.

நமக்கும் இதேதான். 2021-இல் ஒரு டாலர் 74 ரூபாய் அளவில் இருந்தது. 2023 இறுதியில் 83 ரூபாயைத் தொட்டது. 7 டாலர் கிராம்பு 518 ரூபாயிலிருந்து 581 ரூபாயாக ஏறுகிறது. இதைக் கிராம்புக்கு வந்த கிராக்கி என்று எண்ணி, இன்னும் ஏறும் என்று மூட்டையைக் கட்டி வைப்பவர் உண்மையில் ரூபாயின் மதிப்பின்மேல் பந்தயம் கட்டுகிறார்.

இறக்குமதி விலையே சட்டமானபோது

மிளகு விவசாயிகளுக்கு இது நினைவிருக்கும். வெளிநாட்டு மிளகு மலிவாக வந்து குவிந்தபோது, 2017 டிசம்பரில் மத்திய அரசு மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதித்தது: கரைசேர் விலை கிலோ 500 ரூபாய்க்குக் கீழ் இருந்தால் உள்ளே விடுவதற்குத் தடை. மறு ஆண்டு அந்த விதி இன்னும் இறுக்கப்பட்டது. இந்தியாவுடனான தடையில்லா வணிக ஒப்பந்தத்தில் வரிச் சலுகை பெற்றிருந்த இலங்கை மிளகும் இந்த விவாதத்தின் நடுவில் இருந்தது.

இதில் புள்ளிவிவரம் படிப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்படி ஓர் எல்லை வைத்த பிறகு, அந்த எல்லைக்கு உட்பட்ட சரக்கில் 500-க்குக் கீழ் எந்த எண்ணும் பதிவாகாது. உலகில் மிளகு 300 ரூபாய்க்கு விற்றாலும் அந்தச் சரக்கின் இறக்குமதி அலகு மதிப்பு எல்லைக்குக் கீழே இறங்காது. அந்த ஆண்டுகளின் மிளகு இறக்குமதி விலையை எடுத்து, உலக விலை இறங்கவே இல்லை என்று வாதிடுவது செல்லாது. எந்த நறுமணப் பொருளானாலும், எண்ணைப் படிக்கும் முன் அந்தக் காலத்தில் என்ன விதி நடப்பில் இருந்தது என்று கேட்க வேண்டும்.

நாகர்கோவில் விலையோடு ஒப்பிடுவது எப்படி

கொமொரோஸ் சரக்கோடு நம் சரக்கை நியாயமாக ஒப்பிட, வெளிநாட்டுக் கிராம்பு நம் ஊர்க் கிடங்கு வந்து சேர என்ன அடக்கம் ஆகும் என்று கணக்கிட வேண்டும். இந்த அடக்கத்துக்கு இறக்குமதி இணை விலை என்று பெயர். மீண்டும் விளக்கத்துக்கான எண்களே: கரைசேர் விலை 8 டாலர், டாலர் 84 ரூபாய், 672 ரூபாய். வரிகள் மொத்தம் 10 சதவீதம் என்று கொண்டால் 67 ரூபாய் 20 காசு. துறைமுகக் கூலி, முகவர் கட்டணம், தூத்துக்குடியிலிருந்து லாரி, முடங்கிய பணத்துக்கு வட்டி எல்லாம் 30 ரூபாய். ஆக 769 ரூபாய். ஆறு டாலரை ரூபாயில் பெருக்கி வந்த ஐந்நூறுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். வரி விகிதம் நாட்டுக்கு நாடு மாறும். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கென 2008 முதல் இந்தியா தனியாக ஒரு சலுகைத் திட்டம் வைத்திருக்கிறது. அதனால் அன்றைய விகிதத்தைச் சுங்க முகவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

பிறகு ஈரப்பதம். பன்னாட்டுத் தரத்தில் முழுக் கிராம்பின் ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அவசரத்தில் 20 சதவீத ஈரத்தோடு விற்கும் நூறு கிலோ, முறையாக உலர்ந்தால் 91 கிலோதான். வாங்குபவர் அந்த ஒன்பது கிலோவை விலையில் கழித்துக்கொள்வார். இறக்குமதிச் சரக்கின் 769 ரூபாயைக் காட்டி ஈரக் கிராம்புக்கு அதே விலை கேட்டால் பேரம் அங்கேயே முறியும்.

மாதவாரிக் கணக்கு வேண்டுவோர், மத்திய வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி-இறக்குமதித் தரவு வங்கியில் 09071020 என்ற எட்டு இலக்க எண்ணையும் நாட்டின் பெயரையும் கொடுத்துப் பார்க்கலாம். முழுக் கிராம்பு மட்டும் அதில் தனியாக வரும். முதலில் எடை, அடுத்து மதிப்பு, அதன்பின் வகுத்தல் என்ற வரிசையில் படியுங்கள். உள்நாட்டுச் சந்தை விலைக்குக் கொச்சியில் உள்ள நறுமணப் பொருள் வாரியம் வெளியிடும் பட்டியல் இருக்கிறது. தரவு வங்கியில் இருப்பது எப்போதும் சில வாரங்களோ மாதங்களோ பழையது. அதில் நீங்கள் காணும் சரக்குக்கான பேரம் அதற்கும் முன்பே, அன்றைய டாலர் விலையில் முடிந்துபோனது.